மூணாங்கட்டை வடிகட்டியும் சிங்காரியின் மரணமும்

இத்தால் சகல பொதுமக்களுக்கும் அறியத் தருவது யாதெனில், ஹட்டன் – நோர்வூட் வீதியின் மூணாங்கட்டை வளைவில், மழைநீரோடு அடித்து வரப்படும் ஈயம், துத்தநாகம், செம்பு முதலான பார உலோகங்களை வடித்தெடுத்து, இன்றைய சந்ததியையும் இனிவரும் ஏழு சந்ததிகளையும் காக்கவல்ல நவீன வடிகட்டியானது, எதிர்வரும் சனிக்கிழமை காலை 9.42 சுபவேளையில் வெகு விமரிசையாகத் திறந்துவைக்கப்படும். அனைவரும் திரண்டு வருக. சிற்றுண்டி வழங்கப்படும்.

இந்த அறிவித்தல் மூணாங்கட்டைத் தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்திலும், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராச் சுவரிலும், இடம் மிஞ்சியதால் ராக்காயியின் மாட்டுப்பட்டிக் கதவிலும் ஒட்டப்பட்டிருந்தது.

வியாழக்கிழமை காலை 5.40. ராக்காயி அந்தக் கதவைத் திறந்தார். அறிவித்தலைப் படிக்கவில்லை. உள்ளே சிங்காரி செத்துக் கிடந்தது. ஆறு வயதுப் பசு. ஏழு மாதச் சினை.

லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். பத்து நிமிடத்தில் பன்னிரண்டு வீட்டாரும் பட்டிக்கு முன்னால் நின்றார்கள். பதினோராவது நிமிடத்தில் குற்றவாளி யாரென்று முடிவாகிவிட்டது. நீதிமன்றங்கள் இவ்வளவு வேகமாக இயங்குவதில்லை.

"மருந்துதான். வேற என்ன?"

"செவ்வாக்கெழம சாயந்தரம் அந்தப் பய கத்துனது தண்ணிப் பீலி வரைக்கும் கேட்டுச்சே!"

அந்தப் பய என்றால் துஷாந்த். லயத்தின் கடைசி வீடு. ஓட்டோ ஓட்டுகிறவன். செவ்வாய்க்கிழமை மாலை சிங்காரி அவனுடைய லீக்ஸ் பாத்திக்குள் புகுந்துவிட்டது. அப்போது அவன் கத்தியது இதுதான்: "இன்னொரு தடவ வந்துச்சு, மருந்து வச்சிருவேன்!"

ராக்காயியின் கணவர் அழகுமுத்து வீட்டுக்குள் போனார். மஞ்சள் நிற மேலங்கியை மாட்டிக்கொண்டார். அதன் முதுகில் 'பராமரிப்பு அலுவலர்' என்று அச்சடித்திருந்தது. வடிகட்டித் திட்டக்காரர்கள் கொடுத்தது. அவரிடம் இருந்த உடுப்புகளில் கௌரவமானது அதுதான். அதோடு நேரே பொலிஸுக்கு நடந்தார்.

"மருந்து வச்சவன் உள்ள போகணும்" என்றார் அங்கே. துஷாந்தின் மிரட்டலையும் சொன்னார்.

காலை 9.00. துஷாந்த் பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்திருந்தான். அவன் வீட்டு அடுப்பங்கரைப் பரணில் பூச்சி மருந்துப் போத்தல் ஒன்று கிடைத்திருந்தது. பாதி காலி. நாளைக் காலை கோர்ட். அடுத்த புதன்கிழமை அவனுக்குக் கட்டாருக்குப் பயணம். வழக்கொன்று விழுந்தால் பயணமில்லை. அந்த விசாவுக்காக அவன் அலைந்த இரண்டு வருடமும் இல்லை.

விசாரணை கான்ஸ்டபிள் பூரணியிடம் வந்தது. நிலையத்தில் தமிழில் வாக்குமூலம் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆகவே மாடு, கோழி, புருஷன் பெண்சாதி சண்டை அனைத்தும் அவர் மேசைக்கே வரும். றொசல்லப் பக்கத்து லயமொன்றில் பிறந்தவர். மாடு செத்த வழக்கைச் சிறிய வழக்கென்று நினைக்காத ஒரே ஆளும் அந்த நிலையத்தில் அவர்தான்.

10.20.

"மருந்து வப்பேன்னு சொன்னியா?"

"சொன்னேன் மிஸ். கோவத்துல வாயில வந்துருச்சு."

"வச்சியா?"

"இல்ல மிஸ்."

"போத்தல் பாதி காலியா இருக்கே."

"லீக்ஸுக்கு அடிச்சது. போய்த் தேடுங்க, லயத்துல எல்லார் வீட்டுப் பரண்லயும் ஒண்ணு இருக்கும். அப்ப எல்லாரையும் புடிச்சிட்டு வாங்க, வாங்குல எடம் பத்தாது."

"வாய்தான் உன்ன இங்க கொண்டாந்து உக்கார வச்சிருக்கு. மாடு என்ன செஞ்சுச்சு?"

"வேலிய ஒடச்சிக்கிட்டு வந்து பாத்திய மிதிச்சே நாசமாக்கிருச்சு. தின்னுருந்தாலும் மனசு ஆறியிருக்கும் மிஸ். ஒரு எலையக் கடிக்கல. சும்மா சுத்திச் சுத்தி வந்துச்சு, எலெக்ஷன் நேரத்துல வர்றவங்க மாதிரி."

"வேலிக்குக் கேட்டு இல்லையா?"

"இருக்கு. தொறந்துதான் கெடந்துச்சு, ரெண்டடி தள்ளி. அத விட்டுட்டு வேலிமேல விழுந்துருச்சு. மாட்டுக்கும் என்மேல ஏதோ கோவம்."

பூரணி இதை எழுதிக்கொண்டார். 'தொறந்த கேட்டு, ரெண்டடி' என்பதன் கீழே ஒரு கோடு போட்டார்.

11.45. மிருக வைத்தியர் டொக்டர் பிரியந்தி பட்டியில் முழங்கை வரை உறையோடு நின்றார். சிங்களத்தில்தான் பேசினார், பூரணியும் அப்படியே.

"பூச்சி மருந்தா டொக்டர்?"

"பூச்சி மருந்து என்றால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். இங்கே வந்து பாருங்கள்." மாட்டின் நெற்றியில் தோல் உரிந்திருந்தது. பட்டிச் சுவரில் அதே உயரத்தில் ஒரு திட்டு, காய்ந்த இரத்தம். "சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறது. ஒரு நாள் இல்லை, பல நாள். பல்லை நறநறவென்று கடித்திருக்கிறது. நாக்கிலும் இரைப்பையிலும் கறுப்பு மண்."

"மண்ணா? எதனால் செத்தது?"

"சந்தேகம் ஒன்று இருக்கிறது. ஆய்வுக்கு அனுப்புகிறேன். முடிவு வர மூன்று வாரம்."

"எனக்கு நாளைக் காலைக்குள் வேண்டும்."

"எல்லோருக்கும் அப்படித்தான்" என்றார் டொக்டர். பிறகு குரலைத் தாழ்த்தி, "கன்றும் போய்விட்டது. பெண் கன்று. அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை" என்றார்.

12.30. ராக்காயி வீட்டு முகப்பு இஸ்தோப்பில் உட்கார்ந்து பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த வாளி.

"பால் யாரெல்லாம் குடிச்சாங்க பெரியம்மா?"

"பால் ஏது தாயி? சினை மாடு. பால் கறக்காம மறக்கடிச்சு ஒரு மாசமாச்சு. கன்னு போட்டா வேணுமேன்னு வாளிய எடுத்து வச்சேன்."

"எப்ப இருந்து அதுக்குச் சரியில்ல?"

"ஞாயித்துக்கெழம தண்ணி வாளிய ஒதச்சுத் தள்ளிருச்சு. திங்கக்கெழம புல்லு போட்டா மோந்து பாக்குது, திங்கல. சுவத்துல நெத்திய வச்சுக்கிட்டு நிக்குது. சினை நோவாக்கும்னு நெனச்சேன்."

"எங்க கட்டுவீங்க?"

"மத்தியானம் புல்லுக்காட்டுல. லயத்துக்குப் பின்னால அவரு போட்ட புல்லு. ஆறு வருஷமா ஒருத்தரு பாத்தியில கால் வச்சதில்ல தாயி. அன்னைக்கு மட்டும் என்னமோ கயித்த இழுத்துக்கிட்டுப் போயிருச்சு." வாளியைத் திரும்ப நீரில் முக்கினார். "அந்தத் துஷாந்துப் பயலும் கெட்டவன் இல்ல. போன தீவாளிக்கு அதுக்கு மணி வாங்கிக் கட்டிவிட்டவனே அவன்தான்."

2.00. மூணாங்கட்டை வளைவு. இங்கே வடிகட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அறிவித்தலைப் பார்த்துவிட்டு விமான நிலையம் போல ஒன்றை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். வீதியோரமாக இருபதடிச் சீமெந்துத் தொட்டி. அடியில் கல், அதன்மேல் மணல், மணலின் மேல் சிரட்டைக்கரி, எல்லாவற்றுக்கும் மேலே தேயிலை ஆலை கழித்துப் போட்ட கழிவுத்தூள். உலோகம் இவற்றில் ஒட்டிக்கொள்ளும். வீதித் தண்ணீர் ஒரு பக்கம் மைபோல நுழைந்து மறுபக்கம் தெளிந்து வெளியேறி, லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும் ஓடையில் சேரும். கெட்டிக்காரத்தனமான வேலை, அதில் சந்தேகமில்லை. பிரதம அதிதிக்கு நேரம் கிடைக்காமல் திறப்பு விழா மூன்று முறை தள்ளிப்போனதால், ஐந்து மாதமாக அது திறக்கப்படாமலே வேலை செய்துகொண்டிருந்தது.

திட்ட இணைப்பாளர் கஜேந்திரன் வாழைமரம் கட்டுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஒரு மைல்கல் மிஸ்."

பூரணி திரும்பிப் பார்த்தார். ஊருக்கு மூணாங்கட்டை என்று பேர் தந்த மூன்றாவது மைல்கல் பக்கத்திலேயே இருந்தது. அதில் யாரோ சட்டையைக் காயப் போட்டிருந்தார்கள்.

தொட்டி பளிச்சென்று இருந்தது. புதிய கரி, புதிய தூள். விளிம்பைத் தேங்காய்மட்டை கொண்டு தேய்த்திருந்தார்கள். தள்ளி ஒரு கல்லில் அழகுமுத்து மஞ்சள் மேலங்கியோடு உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருக்க முடியாமல் வந்தவர். பந்தல் போட வந்த நிரஞ்சன் வீதியோர வடிகாலான கானில் அடைத்திருந்த மண்ணை வழித்துச் சரிவில் தள்ளினான். அழகுமுத்து சட்டென்று எழுந்தார்.

"டேய்! கான் மண்ண கீழ தள்ளாத! மேல போடு, மேல!"

"எங்க போட்டா என்ன பெருசு? மண்ணுதானே."

"மண்ணுதானேவா? போடா போக்கத்தவனே." மண்வெட்டியை வாங்கி, தள்ளிய மண்ணை அள்ளி மேட்டில் இருந்த தேயிலைத் தூரில் அணைத்துவிட்டுத்தான் மறுபடி உட்கார்ந்தார். பசு செத்த அன்றும் அவரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பூரணி தொட்டியைச் சுற்றி வந்தார். மறுபடி சுற்றி வந்தார்.

"அழுக்கு எங்க சேர்?"

"எந்த அழுக்கு?"

"அஞ்சு மாசம் வடிச்ச அழுக்கு. சுத்தம் பண்ணியிருக்கீங்க. அள்ளுன குப்பையக் காணோமே."

"அது பராமரிப்புப் பிரிவு பார்க்கிற விடயம்."

"பராமரிப்புப் பிரிவுன்னா?"

கஜேந்திரன் கல்லில் இருந்தவரைக் காட்டினார்.

"எப்பிடிச் செய்யணும்னு அவருக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?"

"கையேடு இருக்கிறது. நாற்பத்திரண்டு பக்கம். ஆங்கிலத்தில். தமிழாக்கம் இரண்டாம் கட்டத்தில் வரும்." சிறிது யோசித்துச் சேர்த்துக்கொண்டார்: "தேயிலை மலையில் முப்பது வருடம் கான் வெட்டியவருக்கு நான் என்ன சொல்லித் தருவது? 'உங்களுக்குத் தெரியாததா அய்யா, சுத்தமாக வைத்திருங்கள்' என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்."

2.40. வளைவுக்கு நூறு கஜம் மேலே சுப்பிரமணியத்தின் பெட்டரிப் பட்டறை. பழைய வாகன பெட்டரிகளை உடைத்து உள்ளே இருப்பதைப் பிரிக்கிற இடம். வாசலில் வழிந்த தண்ணீர் வீதிக் கானில் இறங்கியது. அது ஓடிய கரையில் புல் முளைக்கவில்லை.

"இந்தத் தண்ணிய இப்பிடி வீதியில விடலாமா முதலாளி?"

"முந்தி விடத்தான் பயமா இருந்துச்சு மிஸ்" என்றார் சுப்பிரமணியம், மனம் திறந்து. "இப்பத்தான் கீழ வடிகட்டி கட்டிட்டாங்களே."

4.10. லயத்துக்குப் பின்னால் புல்லுக்காடு. அந்த மலையில் மண் செம்மண். புல்லின் தூர்களில் மட்டும் கறுப்பு மண். ஒவ்வொரு தூருக்கும் இரண்டு கை அளவு, கையாலேயே அணைத்துத் தட்டிவிட்டது. விரல் பதிந்த அடையாளம்கூட இருந்தது. கயிறு எட்டுகிற வட்டத்துக்குள் மட்டும் பல தூர்களில் கறுப்பு மண் வழித்தெடுத்தது போலக் காணாமல் போயிருந்தது; பக்கத்தில் புல் கடிபடாமல் நின்றது. பூரணி குச்சியால் கிளறினார். சிரட்டைக்கரித் துண்டுகள். தேயிலை நார்.

அவர் அங்கேயே குந்திக்கொண்டார்.  குற்றவாளியைக் கண்டுபிடித்த துப்பறிவாளர்களுக்கு வருவதாகச் சொல்லப்படும் களிப்பு அவருக்கு வரவில்லை. பிறகு டொக்டர் பிரியந்திக்கு அழைப்பு எடுத்தார். பட்டறை, தொட்டி, கறுப்பு மண் மூன்றையும் சொன்னார்.

"ஈயம்" என்றார் டொக்டர் உடனே. "என் சந்தேகமும் அதுதான். முதலில் கண் போகும். பிறகு சுவரில் முட்டும். பெட்டரிக் கசடு மாடுகளுக்கு ருசி. ஒருமுறை நக்கினால் தேடித் தேடி நக்கும். ஆனால் அது எப்படி மாட்டின் வாய்க்குப் போனது?"

"கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள் டொக்டர்."

5.00. லயத்து வாசல். எல்லோரும் இருந்தார்கள். கஜேந்திரனையும் பூரணி வரவழைத்திருந்தார். துஷாந்தின் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது.

"செவ்வாக்கெழமச் சண்டையால மாட்டுக்கு மருந்து வச்சதா சொல்றீங்க" என்றார் பூரணி. "சண்டைக்குக் காரணம் என்ன? மாடு வேலிய ஒடச்சது. ரெண்டடியில கேட்டு தொறந்து கெடக்கு. ஏன் வேலியில போய் விழுது?"

எல்லோரும் கடைசி வீட்டு வேலிப் பக்கம் திரும்பினார்கள்.

"பாத்தி நெறைய லீக்ஸ். ஏன் ஒரு எலையக் கடிக்கல? அதுக்குக் கண்ணு தெரியல. ஞாயித்துக்கெழம தண்ணி வாளிய ஒதச்சதும் அதனாலதான். துஷாந்த் கோவப்படுறதுக்கு ரெண்டு நாள் முந்தியே நஞ்சு உள்ள போயிருச்சு. சண்டையால நஞ்சு வரல. நஞ்சாலதான் சண்டை வந்துச்சு."

லயம் சலசலத்தது. காலையில் பதினோராவது நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னவர்கள், "நான் அப்பவே சொன்னேன், அந்தப் பய அப்பிடிச் செய்யமாட்டான்னு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

"அப்ப யாரு வச்சது மிஸ்?" என்றார் அழகுமுத்து. "பேரச் சொல்லுங்க."

பூரணி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அய்யா, கான்ல மண்ணு அடைச்சா என்ன செய்யணும்?"

"அள்ளணும்."

"அள்ளி?"

அழகுமுத்து நிமிர்ந்தார். முப்பது வருடம் அவருக்கு முழு மார்க் கிடைத்த பாடம் இது. "கீழ தள்ளக்கூடாது. கான் மண்ணுங்கிறது மேல இருந்து மழை திருடிக்கிட்டு வந்த நல்ல மண்ணு. அதத் திரும்ப மேல கொண்டுபோய் வேருல அணைக்கணும். கறுப்பா இருந்தா ரொம்ப நல்ல மண்ணு. அத வீணாக்குனவன தொர பெரட்டுலயே நிக்க வச்சு ஏசுவாரு. என்ன ஒருநாளும்..."

நிறுத்தினார்.

மலைமேல் எங்கோ லொறி ஒன்று வளைவில் பிரேக் பிடிக்கும் சத்தம் நீளமாகக் கேட்டது.

"தொட்டியில அள்ளுனது நல்ல கறுப்பா இருந்துச்சு தாயி" என்றார். "தேயில மலைக்குக் குடுக்கலாமான்னு பாத்தேன். அப்புறம், சினை மாடு, புல்லு நல்லா வரட்டும்னு..." தன் கைகளைப் பார்த்தார். "அது என் மேல ஒரசிக்கிட்டே நின்னுச்சு. நக்கிக்கிட்டே இருந்துச்சு. பாரு புள்ள, மண்ணக்கூட எப்பிடி ஆசையா நக்குதுன்னு இவகிட்டச் சொன்னேன்."

ராக்காயி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார்.

"பேரக் கேட்டீங்க" என்றார் பூரணி. "வச்ச கை உங்க கைதான் அய்யா. அந்தத் தொட்டி வீதி நஞ்சையெல்லாம் ஒரு எடத்துல சேத்து வைக்கிற தொட்டி. அள்ளுனா அது மண்ணு இல்ல, நஞ்சுன்னு சொல்ல வேண்டிய வாய் ஒண்ணு இருக்கு. அது உங்ககிட்டச் சொல்லல. சனிக்கெழம மைக்ல பேசப்போகுது."

கஜேந்திரன் தொண்டையைச் செருமினார். "கையேட்டின் முப்பத்தொன்பதாம் பக்கத்தில் தெளிவாக..."

"சேர்" என்றார் பூரணி. அவ்வளவுதான். கஜேந்திரன் முப்பத்தொன்பதாம் பக்கத்தை மூடிக்கொண்டார்.

அழகுமுத்து மஞ்சள் மேலங்கியைக் கழற்றினார். நான்காக மடித்தார். வைக்க இடம் தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"அந்தப் பய எங்க?" என்றார்.

"வாங்குலதான் இருக்கான். நீங்க வந்து முறைப்பாட்ட வாபஸ் வாங்குனா விட்டுருவாங்க."

"வர்றேன்" என்று எழுந்தார். "உள்ள போகணும்னு சொன்னேனே தாயி. யாரு உள்ள போறது?"

அதற்குச் சட்டப் புத்தகத்தில் பிரிவு எதுவும் பூரணிக்குத் தெரிந்திருக்கவில்லை.

6.15. துஷாந்த் வெளியே வந்தான். வாசலில் நின்ற அழகுமுத்துவைப் பார்த்தான். கையெடுத்துக் கும்பிட வந்த கிழவரின் கைகளைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டான். "வாங்க மாமா. இருட்டுறதுக்குள்ள குழி வெட்டணும்" என்றான். 

புதன்கிழமை அவன் கட்டாருக்குப் போனான். போகுமுன் வேலியைச் சரிசெய்தான். ராக்காயி வேண்டாமென்று சொல்லியும், புதைக்கும்போது கழற்றிய சிங்காரியின் கழுத்து மணியை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனான்.

திறப்பு விழா குறித்த சுபவேளையில், ஒரு மணி நேரம் தாமதமாக நடந்தது. சிற்றுண்டி வழங்கப்பட்டது. மூன்று வாரம் கழித்து, மாட்டுக்கும் பூரணி அனுப்பிவைத்த பீலித் தண்ணீருக்கும் ஆய்வு முடிவுகள் வந்தன. மாட்டின் ஈரலில் ஈயம். பீலித் தண்ணீரில் ஈயம் இல்லை. கஜேந்திரன் இரண்டாவது முடிவைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டினார். அதில் பொய் எதுவும் இல்லை. பூரணி பட்டறை பற்றி எழுதிய அறிக்கை உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டு, உரிய இடத்தில் இருக்கிறது.

அழகுமுத்து பூரணி கொடுத்த கையுறைகளைப் போட்டுக்கொண்டு, புல்லுக்காட்டின் கறுப்பு மண்ணைத் தூர் தூராகத் தோண்டி எடுத்தார். ஐந்து நாள் வேலை. ஒரு கை மண்ணும் சரிவில் விழவிடவில்லை. உரச்சாக்குகளில் நிரப்பி, வாயைத் தைத்து, கஜேந்திரனிடம் போய் நின்றார்.

"சேர், இத எங்க போடுறது?"

கஜேந்திரன் கையேட்டின் முப்பத்தொன்பதாம் பக்கத்தை எடுத்துப் படித்தார். இருமுறை படித்தார். உரிய முறையில் அப்புறப்படுத்துக என்று அதில் இருந்தது. உரிய முறை எது, உரிய இடம் எது என்பது இல்லை. மேலிடத்தைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அதுவரை ஆள் புழங்காத, கூரை ஒழுகாத இடமாகப் பார்த்து வைக்கச் சொன்னார்.

பதினொரு மூட்டைகளும் சிங்காரியின் பட்டியில் இருக்கின்றன.